ஐஸ் மீனை ரெண்டு சுத்தா விடுங்க

ராத்திரி மீன் சமைக்கணும்னா காலையிலயே ஃப்ரீசர்ல இருந்து எடுத்து ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல வெச்சிடணும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா காலையில சாவி எங்க, சார்ஜர் எங்கன்னு தேடிட்டு கிளம்புற நேரத்துல ராத்திரி என்ன சாப்பிடப் போறோம்னு யாருக்குங்க ஞாபகம் இருக்கும்? சாயங்காலம் வந்து ஃப்ரீசரைத் திறந்தா மீன் செங்கல் மாதிரி கிடக்கும், ஒரு நிமிஷம் அதையே பாத்துட்டு கதவை மூடிட்டு முட்டைய உடைச்சு ஊத்திக்க வேண்டியதுதான். எங்க வீட்டுலயும் இதே கதைதான் ஓடிட்டு இருந்துச்சு. ஏர் ஃப்ரையர் வந்தப்புறம் வேலை நாள்ல மீன் சாப்பிடுறது சாதாரணமாயிடுச்சு, அதுவும் உருக வைக்காம, ஃப்ரீசர்ல இருந்து நேரா பேஸ்கெட்டுக்கு.

இதுல சூட்சுமம்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான். நிறைய பேர் சொல்ற முறை என்னன்னா, உறைஞ்ச மீன் மேலயே மசாலாவத் தடவி 200 டிகிரியில பன்னெண்டு நிமிஷம் விடு, முடிஞ்சுது. அப்படிப் பண்ணா மீன் வெந்துடும், இல்லன்னு சொல்லல. ஆனா மேல வெளுத்துப் போய், சொதசொதன்னு, தடவுன மசாலா பூரா கீழ டிரேயில ஒரு செவப்புத் தண்ணியா நிக்கும். நான் பண்றது ரெண்டு சுத்து. முதல் சுத்துல வெறும் மீன், உப்பு கூட கிடையாது. வெளிய எடுத்து தண்ணிய கொட்டிட்டு, மீனைத் துடைச்சு, அதுக்கப்புறம்தான் எண்ணெயும் மசாலாவும், அப்புறம் ரெண்டாவது சுத்து. நடுவுல ரெண்டு நிமிஷ வேலை கூடும், அவ்வளவுதான். ஆனா தட்டுல வர்ற மீன் வேற மீன்.

ஏன்னு தெரிஞ்சிக்க, அந்த மெஷின் என்ன பண்ணுதுன்னு ஒரு தடவை பாத்துடலாம். பேர்லதான் ஃப்ரையர்னு இருக்கு, உள்ள எதையும் பொரிக்கல. மேல ஒரு கம்பிச்சுருள், அதுக்குப் பக்கத்துல ஒரு ஃபேன், கீழ ஓட்டை போட்ட கூடை, அதாவது இது ஒரு குட்டி ஓவன், ஃபேன் மட்டும் ஓவனை விட வேகம். பிலிப்ஸ் கம்பெனி 2010ல பெர்லின் கண்காட்சியில இதை அறிமுகப்படுத்துனப்ப எண்ணெய் கம்மின்னு சொல்லித்தான் வித்தாங்க, ஆனா வேலை முடிச்சு வந்த ஆளுக்கு எண்ணெயை விட நேரம்தான் பெரிய விஷயம். உள்ள இடம் சின்னது, அதனால சீக்கிரம் சூடாகும். வேகமா ஓடுற காத்து மீன் மேல இருக்கிற ஈரத்த அடிச்சிட்டுப் போயிட்டே இருக்கும். பெரிய ஓவன்ல அதே மீனை வெச்சா, ஓவன் சூடாகுறதுக்கே பத்து நிமிஷம் போயிடும்.

இப்ப மீன் பக்கம் வருவோம். மீன்ல முக்கால்வாசி தண்ணிதான், உறைஞ்ச மீன்ல அது ஐஸ். பூஜ்ஜியம் டிகிரியில இருக்கிற ஐஸ், பூஜ்ஜியம் டிகிரி தண்ணியா மாறுறதுக்கு மட்டும் எவ்வளவு சூடு வேணும் தெரியுமா, அதே தண்ணிய பூஜ்ஜியத்துல இருந்து 80 டிகிரிக்கு ஏத்துறதுக்கு எவ்வளவு வேணுமோ கிட்டத்தட்ட அவ்வளவு. தெர்மாமீட்டர் ஒரு டிகிரி கூட நகராது, ஆனா அவ்வளவு சூடும் உள்ள போயிருக்கும். அதனாலதான் முதல் அஞ்சு நிமிஷம் மீன் எதுவுமே நடக்காத மாதிரி அப்படியே கிடக்கும். உருகின தண்ணி மீன் மேல இருக்கிற வரைக்கும் மேல்பக்கம் 100 டிகிரிய தாண்டாது, எல்லாச் சூடும் தண்ணிய ஆவியாக்குறதுக்கே செலவாகும். செவக்கணும், மொறுமொறுப்பு வரணும்னா 140 டிகிரி பக்கத்துல போகணும். நீங்க டயலை 200ல வெச்சிருந்தாலும் சரிதான், ஈரமா இருக்கிற மீனுக்கு அதெல்லாம் தெரியாது, அது அவிஞ்சுட்டுத்தான் இருக்கும்.

இது போதாதுன்னு கடை மீன் மேல இன்னொரு ஐஸ் வேற இருக்கும். ஃபேக்டரியில மீனை உறைய வெச்சப்புறம் குளுந்த தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுப்பாங்க, இல்லன்னா தண்ணிய ஸ்ப்ரே பண்ணுவாங்க, அது மேல மெல்லிசா ஒரு ஐஸ் சட்டையா படிஞ்சிடும். கிளேஸ்னு பேரு. இது ஏமாத்து வேலை இல்லங்க, மீன் காஞ்சு போகாம, கொழுப்பு காத்து பட்டு சிக்கு வாடை அடிக்காம பாதுகாக்கிறதே அதுதான். ஆனா சில பாக்கெட்ல அந்த சட்டை கொஞ்சம் தடியாவே இருக்கும், அதனால கவர்ல கிளேஸ் இல்லாம நிகர எடை எவ்வளவுன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. வீட்டுல நான் பண்றது, மீனை பைப்புல குளுந்த தண்ணியில சில செகண்ட் காட்டி, கையால ஒரு தடவு தடவுனா அந்த மேல் ஐஸ் வழுக்கிட்டுப் போயிடும், உடனே டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி எடுத்துடுவேன். வெந்நீர் வேண்டாம், மேல் ஓரம் மட்டும் வெந்து கூழாகும்.

சரி, முதல் சுத்து. 180 டிகிரி, அஞ்சுல இருந்து ஆறு நிமிஷம். மெஷினை முன்னாடியே ஒரு மூணு நிமிஷம் சும்மா ஓடவிட்டு சூடாக்கிக்கிட்டா நல்லது, கூடையில லேசா எண்ணெய் தொட்டு தடவிக்கிட்டா ஒட்டாது. துண்டுகளுக்கு நடுவுல ஒரு விரல் இடைவெளி வேணும், காத்துதான் இங்க சமையல்காரர், அவர் நடக்க இடம் வேணுமில்ல. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா நடுவுல இருக்கிறது அப்படியே பச்சையா இருக்கும்.

டைமர் அடிச்சதும் இழுத்துப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருந்த மீன் இப்ப மங்கலா, ஓரத்துல மட்டும் சுண்ணாம்பு வெள்ளையா மாறியிருக்கும். ஓரத்த விரலால அழுத்துனா அமுங்கும், நடுவுல அழுத்துனா இன்னும் விறைப்பா இருக்கும், உள்ள குச்சி குத்துனா பாதியில நின்னுடும். கூடையத் தூக்கிப் பாத்தா கீழ டிரேயில கலங்கலா தண்ணி, மேல கொஞ்சம் வெள்ளை நுரை மிதக்கும். இந்தத் தண்ணிதான் நம்ம மசாலாவ கழுவிட்டுப் போற ஆளு. கொட்டிடுங்க. மீனை ஒரு அகலமான கரண்டியால தூக்கி தட்டுல வெச்சு, டிஷ்யூவால மேலயும் கீழயும் ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, இந்த நேரத்துல மேல்தோல் பிஞ்சு வந்துடும். துடைச்சு முடிச்சதும் மீன் மேல விரல் வெச்சா லேசா பிசுபிசுன்னு இருக்கும் பாருங்க, மசாலா பிடிச்சிக்கிறதுக்கு அதை விட நல்ல பதம் கிடையாது.

இப்ப ஒரு டீஸ்பூன் எண்ணெயில உங்களுக்குப் பிடிச்ச தூளெல்லாம் குழைச்சு தடவுங்க. உப்பு, மிளகு, பூண்டு மட்டும் போட்டாலே நல்லாத்தான் இருக்கும். தூளை வெறுமனே தூவாம எண்ணெயில குழைக்கச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, காஞ்ச தூளை அந்த ஃபேன் தூக்கிட்டுப் போய் மேல கம்பிச்சுருள்ல அடிக்கும், வீடு பூரா மிளகாய் நெடி ஏறி எல்லாரும் இருமிட்டு இருப்பீங்க. சர்க்கரையோ தேனோ சேர்க்கணும்னா கடைசி ரெண்டு நிமிஷத்துல சேருங்க, முன்னாடியே போட்டா கருகிடும். பாட்டில்ல வர்ற எண்ணெய் ஸ்ப்ரே சிலதுல லெசித்தின்னு ஒரு பொருள் கலந்திருக்கும், அது நான்ஸ்டிக் கூடையில பசையா படிஞ்சு போகவே போகாது, பிரஷ்ஷோ விரலோ போதும்.

ரெண்டாவது சுத்து 200 டிகிரி. எத்தனை நிமிஷம்னு கேட்டா மீனோட தடிமனைப் பாக்கணும், எடைய இல்ல. இதை எல்லாரும் தப்பா புரிஞ்சிக்கிறாங்க. அகலமா பெருசா இருக்கிற மெல்லிசு திலாப்பியா துண்டு நாலு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், கையளவு சின்னதா ஆனா ஒரு அங்குலம் தடியா இருக்கிற சால்மன் ஏழுல இருந்து ஒம்பது நிமிஷம் கேக்கும். கனடாவுல மீன்வளத் துறை ரொம்ப காலத்துக்கு முன்னாடி சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு, ஒரு அங்குல தடிமனுக்கு பத்து நிமிஷம், உறைஞ்ச மீன்னா அதுக்கு டபுள். அது ஏர் ஃப்ரையர் வர்றதுக்கு முன்னாடி சொன்னது, ஏர் ஃப்ரையர்ல ரெண்டு சுத்தும் சேத்து பன்னெண்டுல இருந்து பதினஞ்சுக்குள்ள அடங்கிடும், ஆனா தடிமனைப் பாருங்கிற அடிப்படை அப்படியே செல்லும். ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு ரகம் வேற, டயல்ல ஒரே நம்பர் இருந்தாலும் ஒண்ணு ஆவேசமா அடிக்கும், இன்னொண்ணு சோம்பேறியா இருக்கும், உங்க மெஷினோட குணம் பழகப் பழகத்தான் தெரியும்.

ஃபோன்ல எங்க அக்காகிட்ட இதைச் சொன்னப்ப, "ஏண்டி, உருகவே விடாம போட்டா வெளிய கருகி உள்ள பச்சையா இருக்காது?"ன்னு கேட்டா. நியாயமான சந்தேகம்தான். "தடியா இருந்தா இருக்கும்க்கா, அதுக்குத்தான் முதல் சுத்த 180ல விடச் சொல்றேன், குச்சி தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோ"ன்னேன். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு ஆளுங்க மீனுக்குச் சொல்றது நடுப்பகுதி 63 டிகிரி. மீனோட தடியான இடத்துல பக்கவாட்டுல குத்தி பாருங்க, மேல இருந்து குத்துனா கூடையோட சூட்டைக் காட்டிடும். தெர்மாமீட்டர் இல்லைன்னா ஃபோர்க்கால நடுவுல லேசா திருப்புங்க, இதழ் இதழா பிரிஞ்சு, உள்ள கண்ணாடித்தனம் போயி மங்கலா இருந்தா ஆச்சு. "அதெல்லாம் எனக்கு கண்ணாலயே தெரியும் போடி"ன்னு சொல்லி வெச்சுட்டா, பரவால்ல, அவளுக்குத் தெரியும்தான்.

மீன்ல ஒரு நிமிஷம் அதிகமானாலே தக்கையா போறதுக்கு காரணம் அதோட உடம்புதான். தண்ணியில மிதக்கிற ஜீவன், தன் எடையத் தானே தூக்கி நடக்க வேண்டியதில்ல, அதனால இறைச்சி மாதிரி கெட்டியான இணைப்புத் திசு கிடையாது. தசை சின்னச் சின்ன அடுக்கா, நடுவுல மெல்லிசு சவ்வா இருக்கும், அந்தச் சவ்வு கொஞ்சம் சூட்டுலயே கரைஞ்சிடும், அதுதான் இதழ் இதழா பிரியுது. அதுக்கு மேல சூடு ஏத்துனா தசை சுருங்கி உள்ள இருக்கிற சாறைப் பிழிஞ்சு வெளிய தள்ளிடும். சால்மன் மேல வெள்ளையா கட்டி கட்டியா வருமே, நிறைய பேர் கொழுப்புன்னோ கெட்டுப் போச்சுன்னோ நினைச்சு பயப்படுறாங்க, அது அப்படிப் பிழிஞ்சு வந்த புரதம் சூட்டுல கெட்டியானது. சாப்பிடலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா ரொம்ப வந்துச்சுன்னா அடுத்த தடவை ஒரு நிமிஷம் குறைங்கன்னு அர்த்தம்.

எல்லா மீனும் இதுக்கு ஒத்து வராது. சால்மன் மாதிரி கொழுப்புள்ளது கொஞ்சம் மன்னிக்கும். காட், திலாப்பியா எல்லாம் கொழுப்பே இல்லாத ரகம், எண்ணெய் கூட ஒரு டீஸ்பூன் சேத்துக்கணும், டைமர் அடிக்கிற வரைக்கும் ஃபோனை நோண்டிட்டு இருக்கக் கூடாது. மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீனை வெச்சா கொழுப்பு சொட்டி சூடான டிரேயில பட்டு புகையும், கூடைக்குக் கீழ டிரேயில ரெண்டு ஸ்பூன் தண்ணி ஊத்தி வெச்சா புகை அடங்கிடும். முழு மீனை உறைஞ்சபடியே போடாதீங்க, வயித்துக்குள்ள ஐஸ் இருக்கும், வெளிய வெந்து முடிஞ்சப்புறமும் முள்ளு பக்கத்துல பச்சையா ரத்தம் தெரியும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கட்டியா இருக்கிற பாக்கெட்டும் ஆகாது. அதை தண்ணி புகாத கவர்ல கட்டி குளுந்த தண்ணியில முக்கி வெச்சா அரை மணி நேரத்துல பிரிச்சிடலாம், கத்திய விட்டு நெம்புற வேலை வேண்டாம், கை போயிடும்.

பிரெட் தூள் ஒட்டி வர்ற ஃபிஷ் ஃபிங்கர் கதையே வேற. அதுக்கு ரெண்டு சுத்தெல்லாம் கிடையாது, ஃப்ரீசர்ல இருந்து நேரா 200ல, எட்டுல இருந்து பத்து நிமிஷம், பாதியில ஒரு தடவை திருப்பி விட்டா போதும். எண்ணெயே விடாம எப்படி அவ்வளவு மொறுமொறுன்னு வருதுன்னு ஆச்சரியமா இருக்கும், காரணம் சிம்பிள், ஃபேக்டரியிலயே அதை எண்ணெயில ஒரு முறை லேசா பொரிச்சுட்டுத்தான் உறைய வைக்கிறாங்க. 1953ல அமெரிக்காவுல ஃபிஷ் ஸ்டிக் கடைக்கு வந்ததுல இருந்து இந்த ரகத்தோட சூத்திரமே அதுதான். அதனால ஏர் ஃப்ரையர்ல போட்டோம், எண்ணெயே இல்லன்னு நம்மள நாமே ஏமாத்திக்க வேண்டாம். எனக்கென்னவோ கவரைத் திருப்பி மீன் எத்தனை சதவீதம்னு பாத்தாதான் மனசு ஆறும், சிலதுல பாதிக்குப் பாதி மாவுதான் இருக்கும். வீட்டுலயே மாவு கரைச்சு முக்கிப் போடலாம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. கொதிக்கிற எண்ணெய் மாவை தொட்ட உடனே பிடிச்சு நிறுத்திடும், காத்துக்கு அந்த சாமர்த்தியம் இல்ல, மாவு கூடையோட ஓட்டை வழியா வழிஞ்சு கீழ தோசையாகும். பிரெட் தூள் வேணும்னா முதல் சுத்து முடிஞ்சப்புறம், முட்டையில தொட்டு, எண்ணெய் பிசிறின பிரெட் தூளை அழுத்தி ஒட்டுங்க, நல்லா நிக்கும்.

காலையில ஞாபகம் வந்து மீனை ஃப்ரிட்ஜுக்குள்ள எடுத்து வைக்கிற புண்ணியவான்களுக்கு ஒரு விஷயம். காத்து உறிஞ்சி சீல் பண்ண பாக்கெட்டா இருந்தா அதை வெட்டித் திறந்துட்டு உருக வைங்க. காத்தே இல்லாத இடத்துல, ஃப்ரிட்ஜோட குளுமையிலயும் வளரக்கூடிய ஒரு வகை பொட்டுலிசம் கிருமி, அதாவது கடுமையான விஷத்தை உண்டாக்குற கிருமி, மீன்ல இருக்க வாய்ப்பு உண்டு, கவரைத் திறந்துட்டா காத்து உள்ள போயிடும், அந்தப் பயம் இல்ல. சமையல் மேடையில வெளிய வெச்சு உருக்குற வழக்கத்த விட்டுடுங்க. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன் வெளிச்சூட்டுல கிடந்தா ஹிஸ்டமின் உருவாகும், முகம் செவந்து தலைவலி அரிப்புன்னு வரும், அதுக்கப்புறம் எவ்வளவு வேக வெச்சாலும் அது போகாது. உறைஞ்சபடியே சமைக்கிறதுல எனக்குப் பிடிச்சதே இந்தத் தலைவலி எதுவும் இல்லாததுதான்.

ஐஸ் மீன்னாலே மட்டம்ங்கிற பேச்ச நான் ஒத்துக்கிறதில்ல. மெதுவா உறைஞ்சா ஐஸ் படிகம் பெருசு பெருசா வளர்ந்து மீனோட செல்லைக் குத்திக் கிழிச்சிடும், உருகும்போது சாறெல்லாம் வெளிய வந்துடும். வேகமா உறைஞ்சா படிகம் பொடிசு, சேதம் கம்மி. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐங்கிற அமெரிக்கர் 1910கள்ல கனடாவோட லாப்ரடார் பக்கம் இருந்தப்ப, அங்க வாழுற இனுயிட் பழங்குடி மக்கள் பிடிச்ச மீன் அந்தக் கடுங்குளிர்ல கண்ணெதிர்லயே உறையுறதையும், பல வாரம் கழிச்சு சாப்பிட்டாலும் ருசி அப்படியே இருக்கிறதையும் பாத்துத்தான் வேகமா உறைய வைக்கிற தொழிலையே தொடங்குனார். இன்னைக்கு கப்பல்லயே உறைய வெச்சுடுறாங்க, நாலு நாள் ஐஸ் பெட்டியில பயணம் பண்ணி வந்த ஃப்ரெஷ் மீனை விட அது தேவலாம்னுதான் எனக்குத் தோணுது. கெடுக்கிறது நாமதான். உருகினதை திரும்ப வீட்டு ஃப்ரீசர்ல வெச்சா அது மெதுவாத்தான் உறையும், பெரிய படிகம், சொதசொத மீன். ஃப்ரீசர் மைனஸ் 18ல நிக்கணும். கொழுப்பு இல்லாத மீன் ஆறேழு மாசம் தாங்கும், எண்ணெய் மீன் ரெண்டு மூணு மாசத்துக்குள்ள தீத்துடுங்க. மேல வெள்ளையா காஞ்ச திட்டு இருந்தா ஐஸ் ஆவியாகிப் போன இடம், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா அட்டைய மெல்லுற மாதிரி இருக்கும், அந்த இடத்த மட்டும் சீவி எறிஞ்சிடலாம்.

வாடை பத்தி சொல்லலன்னா விடமாட்டீங்க. மீன் வாடைக்கு முக்கிய காரணம் ட்ரைமெத்தில் அமின்னு ஒண்ணு, அது காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டா ஆவியாகாத உப்பா மாறி அடங்கிடும். மீன் மேல எலுமிச்சை பிழியுறதும் அதுக்குத்தான், கூடை கழுவும்போது எலுமிச்சையோ வினிகரோ விடுறதும் அதுக்குத்தான். சாப்பிட்டுட்டு கழுவிக்கலாம்னு விட்டா போச்சு, மறுநாள் அதுல வைக்கிற கேக்கும் மீன் வாடை அடிக்கும். கூடை வெதுவெதுன்னு இருக்கும்போதே சோப்புத் தண்ணி ஊத்தி ஊற விட்டுட்டு சாப்பிடப் போங்க. மேல கம்பிச்சுருளையும் மெஷின் ஆறினப்புறம் ஈரத்துணியால ஒரு துடை துடைச்சா நல்லது, பாதி வாடை அங்கதான் ஒளிஞ்சிருக்கும். கழுவ சோம்பேறித்தனமா இருக்குன்னு பட்டர் பேப்பர் போடுறவங்க, மீனை மேல வெச்சப்புறம்தான் மெஷினை ஆன் பண்ணணும். வெறும் பேப்பரை விட்டு சூடாக்குனா ஃபேன் இழுத்து கம்பியில ஒட்டி தீப்பிடிச்சுக்கும். ஓட்டை போட்ட பேப்பரா இல்லன்னா காத்து கீழ போகாது, அடிப்பக்கம் அவிஞ்ச மீனாத்தான் வரும்.

மிச்சம் வெச்சா மறுநாள் 160 டிகிரியில மூணு நாலு நிமிஷம், மேல லேசா ஒரு துளி எண்ணெய், அது போதும். ஆஃபீஸ் மைக்ரோவேவ்ல மட்டும் வெச்சு சூடு பண்ணிடாதீங்க, பக்கத்து சீட்டுக்காரங்க சாயங்காலம் வரைக்கும் உங்ககிட்ட பேசமாட்டாங்க.